நாய் எந்த வயதுப் பிள்ளை?

மே மாதம் ஏற்காடு கோடை விழா நடக்கும்போது நாய்கள் கண்காட்சியும் சேர்ந்து வரும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று சேலத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் குளிப்பாட்டிச் சீவிக் கூட்டி வருவார்கள். மைதானத்தில் நாய்களைவிட அவற்றின் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுதான் சுவாரசியம். "தங்கம், உக்காருடா. அம்மா சொல்றேன்ல" என்று ஒருவர் கெஞ்சுவார். அது உட்கார்ந்துவிட்டால், வேடிக்கை பார்க்க வந்த பாட்டி பெருமூச்சு விடுவார்: "எம் பேரன் இதுல பாதி பேச்சு கேட்டாப் போதும் சாமி."

நாயைப் பிள்ளை என்பதும், பிள்ளை நாய் மாதிரி சொல்பேச்சு கேட்கக் கூடாதா என்பதும் ஒரே ஒப்பீட்டின் இரண்டு முனைகள். கடந்த முப்பது ஆண்டுகளாக இதை ஆய்வுக்கூடங்களில் சோதித்து வருகிறார்கள். குழந்தைகளுக்கென்று வகுத்த சோதனைகளையே நாய்களுக்கும் வைத்துப் பார்த்தார்கள். ஒப்பீடு பொய்யில்லை என்று தெரிந்தது. ஆனால் ஒத்துப்போகிறது என்று நாம் சத்தியம் பண்ணுகிற இடங்களில் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. நாம் கண்டுகொள்ளாமல் விடுகிற இடங்களில் அச்சு அசலாகப் பொருந்துகிறது. பெரியவர் முகத்தைப் பார்த்து, அவரை நம்பி நிற்பதில் நாயும் கைக்குழந்தையும் ஒன்று. அந்த நம்பிக்கையைக் கொண்டு என்ன செய்கிறது என்பதில்தான் பிள்ளை தனி வழியில் போய்விடுகிறது.

கதவோரம் நிற்பது

அமெரிக்காவின் பால்டிமோரில் மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை உருவாக்கினார். ஒரு வயதுக் குழந்தையும் தாயும் பழக்கமில்லாத ஓர் அறைக்கு வருவார்கள். அங்கே பொம்மைகள் இருக்கும். கொஞ்ச நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வருவார், தாய் வெளியே போவார், பிறகு திரும்பி வருவார். பிரிந்தபோது குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, தாய் திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதுதான் எய்ன்ஸ்வொர்த்துக்கு முக்கியம். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி, மறுபடி பொம்மைக்குப் போகிறதா? போனால் பிணைப்பு உறுதியாக இருக்கிறது என்று பொருள்.

1998-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் யோசெப் தோபால், ஆடம் மிக்லோஷி முதலானோர் இதே சோதனையை 51 நாய்களுக்கும் அவற்றின் சொந்தக்காரர்களுக்கும் வைத்தார்கள். சொந்தக்காரர் அறையில் இருக்கும்வரை நாய் மோப்பம் பிடித்துச் சுற்றி வந்தது, விளையாடியது. அவர் போனதும் விளையாட்டை விட்டுவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டது. புதியவர் கொஞ்சியபோது பாதி மனதோடுதான் இருந்தது. சொந்தக்காரர் திரும்பியதும் வரவேற்பு தனி ரகம். பிற்பாடு ஆஸ்திரியாவின் வியன்னாவில் இன்னொரு குழு, தீனி ஒளித்து வைத்த விளையாட்டுப் பொருளை நாய்களிடம் கொடுத்துப் பார்த்தது. சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தபோது நீண்ட நேரம் உருட்டிப் புரட்டி முயன்ற நாய்கள், அவர் இல்லாதபோது சீக்கிரமே கைவிட்டன. தீனி அதே தீனிதான்.

அங்கன்வாடியில் முதல் வாரம் விடப்பட்ட பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அம்மா வாசலில் நிற்கும்வரை கட்டைகளை அடுக்கும். அம்மாவின் சேலைத் தலைப்பு மறைந்ததும் கட்டை கீழே விழும். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்து அபார்ட்மெண்ட் வீடுகளில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போன பிறகு செருப்பைக் கடித்துக் குதறும் நாயும் கிட்டத்தட்ட இதே நிலையில்தான் இருக்கிறது. "வேணும்னே பண்ணுது, கோவத்துல பண்ணுது" என்பார்கள். பழிவாங்கல் அதில் ஒன்றும் இல்லை. தனிமையின் பதற்றத்தில், வீட்டுக்காரரின் வாசம் எதில் அதிகமோ அதை வாயில் கவ்விக்கொள்கிறது. செருப்பைவிட வாசம் அதிகமான பொருள் வீட்டில் வேறென்ன இருக்கிறது?

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவது

விரலால் சுட்டினால் சுட்டிய திசையில் பார்ப்பது நமக்கு அற்பமாகப் படும். மனிதரின் நெருங்கிய உறவான சிம்பன்சிக்கு அது எளிதில் வருவதில்லை. இரண்டு கிண்ணங்களில் ஒன்றில் தீனியை ஒளித்து, எது என்று ஆய்வாளர் விரலால் காட்டினால், சிம்பன்சி பெரும்பாலும் குத்துமதிப்பாகத்தான் எடுக்கும். நாய் நேரே சுட்டிய கிண்ணத்துக்குப் போகும். பிரையன் ஹேரும் மைக்கேல் தொமசெல்லோவும் 2002-இல் இதை வெளியிட்டபோது பெரிய பரபரப்பு. 2021-இல் 375 நாய்க்குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வில், எட்டு வாரக் குட்டிகளே சுட்டலைப் பின்பற்றின. குட்டிக்குக் குட்டி திறமையில் இருந்த வேறுபாட்டில் 40 சதவீதத்துக்கு மேல் பரம்பரையால் வருவது என்றும் கணக்கிட்டார்கள். இதில் சண்டையும் உண்டு. மனிதரோடு வளர்ந்த ஓநாயும் விரலைப் பின்பற்றுகிறது, காப்பகத்து நாய் தடுமாறுகிறது, ஆகவே வளர்ப்புதான் காரணம் என்று மோனிக் யூடெல், கிளைவ் வின் போன்றவர்கள் 2008-இலேயே வாதிட்டார்கள்.

நம் ஊருக்கு நெருக்கமான சேதி கொல்கத்தாவிலிருந்து வந்தது. அங்குள்ள ஐசர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களையே ஆராய்கிறது. யாரும் பயிற்சி தராத, யாருடைய மெத்தையிலும் ஏறாத நாய்கள். பயந்து ஒதுங்கியவை போக, கிட்ட வந்தவற்றில் பெரும்பாலானவை சுட்டிய கிண்ணத்துக்கே போயின. சோறு போடும் அந்நியரைவிடத் தொடர்ந்து தடவிக்கொடுக்கும் அந்நியரிடம் அவை அதிகம் ஒட்டிக்கொண்டன என்பதும் அதே குழு கண்டதுதான்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே பார்க்கலாம். அங்கே நாய்க்கு வாசலோடு சரி. எஸ்டேட் காவலுக்கு, மாடு ஆடு பார்க்க, இரவில் குரைக்க. பிள்ளை என்று யாரும் கொஞ்சுவதில்லை, மீந்த கஞ்சிதான் சாப்பாடு. ஆனாலும் காப்பித் தோட்டத்து மேட்டிலிருந்து ஒருவர் கையை வீசினால் நாய் அந்தச் சரிவை நோக்கித்தான் ஓடுகிறது. செல்லம் கொடுத்து வந்த குணமில்லை இது.

இப்போது பிள்ளைக்கு வருவோம். ஒன்பது மாதம் தாண்டிய குழந்தை சுட்டிய திசையில் பார்க்கத் தொடங்குகிறது. ஒரு வயதை ஒட்டி அதுவே விரலை நீட்டுகிறது. இங்கேதான் பாதை பிரிகிறது. பால் வேண்டும், பொம்மை வேண்டும் என்று நீட்டுவது ஒரு வகை. மொட்டை மாடியில் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, வாயில் பருப்புச் சோற்றோடு, நிலாவை நோக்கி விரலை நீட்டிவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொரு வகை. அதற்கு நிலா வேண்டியதில்லை. தான் பார்ப்பதை அம்மாவும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாயும் முகத்தையும் பொருளையும் மாறி மாறிப் பார்க்கும். பந்து பீரோவுக்கு அடியில் போய்விட்டால் பந்தை ஒரு பார்வை, உங்களை ஒரு பார்வை. கேட்பது 'எடுத்துக் கொடு' என்று. 'அங்கே பாரேன், எவ்வளவு அழகு' என்று எந்த நாயும் காக்காயைக் காட்டியதாக உறுதியான சான்று இல்லை. பேச்சு, கதை, பள்ளிக்கூடம் எல்லாமே அந்த இரண்டாவது வகை விரலிலிருந்து கிளைத்தவை என்று நினைக்கிறேன்.

அந்தத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தையும் மிக்லோஷி குழு அளந்திருக்கிறது. முதலில் திறக்கக்கூடிய, பிறகு திறக்கவே முடியாதபடி அடைத்துவிட்ட ஒரு பெட்டியை, மனிதரோடு வளர்ந்த ஓநாய்களிடமும் நாய்களிடமும் கொடுத்தார்கள். ஓநாய் விடாமல் மல்லுக்கட்டியது. நாய் கொஞ்சம் முயன்றுவிட்டு மனிதரின் முகத்தைப் பார்த்தது. 2003-இல் வெளியான இந்த ஆய்வைச் சொல்லி, நாய் ஓநாயைவிட முட்டாள் என்பவர்கள் உண்டு. ஜாடி மூடியைத் திறக்க முடியாமல் தாத்தாவிடம் நீட்டும் பிள்ளையை யாரும் முட்டாள் என்பதில்லை.

ஒரே தவறு, இரண்டு காரணம்

2009-இல் தோபால் குழு செய்த சோதனையை இந்தத் துறையிலேயே மிக நுட்பமானது என்பேன். முதல் மறைவில் ஒரு பொருளைப் பலமுறை ஒளித்து, ஒவ்வொரு முறையும் எடுக்க விடுகிறார்கள். பிறகு கண்முன்னாலேயே இரண்டாவது மறைவில் ஒளிக்கிறார்கள். பத்து மாதக் குழந்தை, பார்த்துக்கொண்டே இருந்தும், பழையபடி முதல் மறைவுக்குப் போகும். குழந்தை உளவியலில் இது பழைய புதிர். நாய்களும் அதே தவறைச் செய்தன. ஓநாய்கள் செய்யவில்லை. ஒளிப்பவர் முகம் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணோடு கண் பார்த்து ஒளித்தபோதுதான் இந்தத் தவறு அதிகம். அதாவது குழந்தையும் நாயும் பொருளை விட்டுவிட்டுப் பெரியவரைக் கவனிக்கின்றன.

பிறகு இரண்டாவது மறைவில் ஒளிக்கும்போது மட்டும் ஆளை மாற்றினார்கள். நாய் சுதாரித்துக்கொண்டு சரியாகத் தேடியது. குழந்தை ஆள் மாறியும் அதே தவறைச் செய்தது. முதல் ஆள் காட்டியதை நாய் 'இவர் சொல்கிறார், செய்' என்று எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. குழந்தையோ 'இந்தப் பொருள் இருக்குமிடம் இது' என்று ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டது. கட்டளை சொன்ன ஆளோடு போய்விடும். பாடம் போகாது.

பார்த்ததைச் செய்வதிலும் இதே கதை. ஒரு பெட்டியிலிருந்து மிட்டாய் எடுக்க, தேவையே இல்லாமல் குச்சியால் இரண்டு தட்டு தட்டிக் காட்டினால், மூன்று நான்கு வயதுப் பிள்ளை தட்டிவிட்டுத்தான் எடுக்கும். சிம்பன்சி தட்டலை விட்டுவிட்டு மிட்டாயை எடுத்துவிடும். நாய்களை வைத்து 2017-இல் பார்த்தபோது அவையும் வெட்டி வேலையைப் பெரும்பாலும் கழற்றிவிட்டன. வளர்ப்பவரே செய்து காட்டினால் சில நாய்கள் அதையும் செய்கின்றன என்று மறுவருடம் வியன்னாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆனால் பிள்ளைகள் அளவுக்கு இல்லை. மார்கழியில் பாட்டி கோலமாவு டப்பாவை விளிம்பில் இரண்டு முறை தட்டிவிட்டுப் புள்ளி வைத்தால், பக்கத்தில் உட்கார்ந்த பேத்தியும் தட்டுவாள். ஏன் என்று பாட்டிக்கே தெரிந்திருக்காது. பார்ப்பதற்கு அறிவில்லாத வேலை. அப்படித்தான் கோலமே மூன்று தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

குற்ற உணர்ச்சி என்கிற முகம்

நாய் வளர்ப்பவர்களோடு நிச்சயம் சண்டை வரும் இடம் இது. வீட்டுக்குள் வந்ததும் குப்பைக் கூடை கவிழ்ந்து கிடக்கிறது. நாய் காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணை ஒதுக்கி, வாலைக் கால்களுக்கு நடுவே சுருட்டி மூலையில் நிற்கிறது. "பாருங்க, தப்பு பண்ணிட்டோம்னு அவனுக்கே தெரியுது."

நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதைப் பிரித்துப் பார்த்தார். தின்னக் கூடாது என்று சொல்லித் தீனியை வைத்துவிட்டுச் சொந்தக்காரர் வெளியே போவார். சில முறை நாய் தின்றிருக்கும், சில முறை தின்றிருக்காது. ஆனால் தின்றதா இல்லையா என்று சொந்தக்காரரிடம் சொல்லப்படுவது சில முறை பொய்யாக இருக்கும். அந்த முகம் நாய் தப்பு செய்ததைப் பொறுத்து வரவில்லை, சொந்தக்காரர் திட்டியதைப் பொறுத்து வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. நாம் குற்ற உணர்ச்சி என்று படிப்பது, 'அடிக்காதே' என்கிற முகம்.

"நாங்க திட்டுறதுக்கு முன்னாடியே அப்படி நிக்குதே" என்று கேட்பார்கள். குப்பை கொட்டிக் கிடக்கும்போது நீங்கள் உள்ளே வந்தால் வசவு விழும் என்பது அதற்குப் பழக்கத்தில் தெரியும். கொட்டியது தான்தான் என்பதோடு அதை முடிச்சுப் போட வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு வந்து, காலையில் நடந்ததற்கு அடிப்பதால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: ஆறு மணி ஆபத்து.

பிள்ளையிடமும் முதலில் வருவது வசவுக்குப் பயந்த முகம்தான். ஆனால் இரண்டு, மூன்று வயதில் வேறொன்று முளைக்கிறது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டப் பார்க்கும், தானாக வந்து சொல்லும், இல்லையென்றால் சாமர்த்தியமாக மறைக்கும். யாரும் பார்க்காதபோதும் அது தப்பு என்கிற எண்ணம் வருகிறது. திட்டித் திட்டியே வளர்த்தால் பயந்த முகம் பழகும். இந்த எண்ணம் வளருமா என்பது சந்தேகம்.

நியாய உணர்வு நாய்க்கும் கொஞ்சம் உண்டு. வியன்னாவில் பிரிடெரிக்கே ராங்கெ இரண்டு நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக் கை கொடுக்கச் சொன்னார். ஒன்றுக்கு மட்டும் தீனி கிடைத்தால், கிடைக்காத நாய் சீக்கிரமே கை கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. ஆனால் ஒன்றுக்கு ரொட்டி, மற்றதற்குக் கறி என்று கொடுத்தபோது ரொட்டி நாய் ஆட்சேபிக்கவில்லை. சேலத்துத் தள்ளுவண்டியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் தட்டுவடை செட்டு வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். அவன் செட்டில் கேரட் கூட இருக்கிறது என்பதற்கே பஞ்சாயத்து நடக்கும்.

இரண்டரை வயது என்கிற கணக்கு

நாயின் அறிவு இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைக்குச் சமம் என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். கனடாவின் ஸ்டான்லி கோரன் 2009-இல் சொன்னது அது. சராசரி நாய்க்கு 165 சொற்கள், சமிக்ஞைகள் வரை புரியும் என்பது அவர் கணக்கு. விதிவிலக்குகள் இன்னும் மேலே போகும். ஜான் பில்லி வளர்த்த சேசர் என்ற பார்டர் கோலி இன நாய் 1022 பொம்மைகளின் பெயர் அறிந்திருந்தது. 2004-இல் ஜெர்மனியில் சோதித்த ரிக்கோ, தெரியாத பெயரைச் சொன்னால் தெரியாத பொம்மையை எடுத்து வந்தது. குழந்தைகள் புதுச் சொல் கற்பதும் இப்படித்தான்.

ஆனாலும் இந்த வயதுக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. மோப்பத்தில் எந்த வயது மனிதரும் நாயின் பக்கத்தில் வர முடியாது. சுட்டலில் ஒரு வயது, பிணைப்பில் ஒரு வயது, சொற்களில் இரண்டு வயது, கேள்வி கேட்பதில் வயதே இல்லை. இதையெல்லாம் கூட்டி வகுத்து ஒரு எண்ணைச் சொன்னால் அதற்கு என்ன பொருள்? இரண்டு வயதுப் பிள்ளை அந்த வயதில் நிற்பதும் இல்லை.

நாய் வளராது என்றும் எண்ண வேண்டாம், அதற்கும் விடலைப் பருவம் உண்டு. பிரிட்டனில் வழிகாட்டி நாய்களை வைத்து நடந்த 2020 ஆய்வில், ஐந்து மாதத்தில் 'உட்கார்' என்றதும் உட்கார்ந்த நாய்கள், எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்நியர் சொன்னால் கேட்டன. பதினான்கு வயதுப் பையன் அம்மாவிடம் எரிந்து விழுந்துவிட்டு எதிர்வீட்டு மாமாவிடம் "சரிங்க மாமா" என்பதை வீட்டில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இது சில மாதத்தில் கடந்துபோகிற பருவம். ஆசைக்கு வாங்கிய குட்டி 'அடங்க மாட்டேங்குது' என்று கொண்டுபோய் விடப்படுவதும் பெரும்பாலும் இந்த வயதில்தான். கழுத்துப்பட்டையோடு தெருவில் திரியும் நாய்களின் வயதைக் கவனித்துப் பாருங்கள்.

பிள்ளையும் நாயும் ஒரே வீட்டில்

நமக்கு ஏன் இப்படி மயக்கம் வருகிறது என்பதற்கும் உடற்கூறியல் விளக்கம் உண்டு. புருவத்தின் உள்முனையைத் தூக்கும் தசை நாய்க்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்க்கு இல்லையென்றே சொல்லலாம் என்று 2019-இல் காட்டினார்கள். அந்தப் புருவம் ஏறினால் முகம் குழந்தை முகமாகிறது. நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்தால் இருவருக்கும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகக் குழு 2015-இல் கண்டது. தாய்க்கும் சேய்க்கும் நடுவே வேலை செய்யும் சுரப்பும் அதுதான்.

மயக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். அதனால் நாய்க்குக் கேடு வரும் இடங்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். பிள்ளைக்குக் கொடுக்கும் சாக்லேட் நாய்க்கு விஷம். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். சேலத்து ஏப்ரல் மதியத்தில் சட்டை போட்டுக் காரில் உட்காரவைப்பது கொஞ்சல் இல்லை.

பிள்ளைக்கு வரும் கேடு இன்னும் பெரிது. நாய் பல்லைக் காட்டும் படத்தைச் சிறு குழந்தைகளிடம் காட்டினால், நாய் சிரிக்கிறது என்று சொல்வது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு. பல நாய்களுக்கு அது தப்பிக்க வழியில்லாத பிடி. கொட்டாவி, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, உடல் விறைப்பது என்று நாய் முதலில் சொல்லிப் பார்க்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இது எதுவும் படிக்கத் தெரியாது. குழந்தையின் உயரத்துக்குக் கடி விழுவது முகத்திலும் கழுத்திலும்.

வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்கு கடித்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாய் வழியாகத்தான். ஆகவே நாய் இருக்கும் வீட்டில் இரண்டு காரியம் கட்டாயம். நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் அதைத் தொடக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையையும் நாயையும், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் விடக் கூடாது.

கடி பட்டுவிட்டால், கீறல்தான் என்றாலும், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். ரத்தம் வந்த கடியாக இருந்தால் தடுப்பூசியோடு, உடனடி எதிர்ப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் காயத்திலும் அதைச் சுற்றியும் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். திட்டுக்குப் பயந்து கீறலை மறைப்பது பிள்ளைகளின் வழக்கம் என்பதால், சொன்னால் அடிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.